நாள் வட்டியைக் குறித்து வையுங்கள்: பல வருடக் குடும்பக் கடனைச் சோர்ந்துவிடாமல் அடைக்கும் வழி

எங்கள் குடும்பத்தின் கடன் 2013-ஆம் ஆண்டில் 9,60,000 ரூபாயாக இருந்தது. அதை அடைத்து முடிக்க எட்டு வருடம் ஆயிற்று. அப்பாவின் மளிகைக் கடை நொடித்ததில் ஒரு பங்கு, அக்காவின் கல்யாணத்தில் ஒரு பங்கு, தம்பியின் படிப்பில் ஒரு பங்கு என்று மூன்று வாசல் வழியாக வந்து சேர்ந்த கடன் அது. அந்த எட்டு வருடத்தில் கையில் பணமில்லாத மாதங்களைவிட, “இது என்றைக்குத்தான் தீரும்” என்று மனம் விட்டுப்போன மாதங்களே அதிகம். ஆகவே இங்கே சிக்கனக் குறிப்புகளை எழுதப் போவதில்லை; கடனில் இருக்கும் குடும்பத்துக்குச் சிக்கனத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. நெடுங்காலம் கட்ட வேண்டிய கடனை நடுவழியில் கைவிடாமல் கட்டுவதற்கு எங்களுக்கு எவை உதவின, எவை உதவவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கைப்பேசிச் செயலி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் செயலியை ஒருவர்தான் பார்ப்பார், நோட்டை வீட்டில் எல்லோரும் புரட்டுவார்கள். எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் அம்மா பிள்ளையார் சுழி போட்டு மஞ்சள் தடவியிருந்தார், அதற்குக் கீழே கடன்களைத் தம்பி எழுதினான். ஒவ்வொரு கடனுக்கும் யாரிடம் வாங்கியது, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, என்ன அடமானம், யார் கையெழுத்து என்ற ஐந்தையும் எழுத வேண்டும். வட்டியை எல்லாக் கடனுக்கும் ஒரே அளவில் எழுதுவது முக்கியம். ஊரில் “ரெண்டு வட்டி” என்பது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். “மூணு வட்டி” 36 சதவீதம். வங்கி ஆண்டுக் கணக்கில் 12 சதவீதம் என்று எழுதுவது நம் பேச்சில் ஒரு ரூபாய் வட்டி. இரண்டையும் கலந்து எழுதினால் எது சுடுகிறது, எது வெதுவெதுப்பாக இருக்கிறது என்று தெரியாது.

எங்கள் பட்டியல் இப்படி இருந்தது: இரண்டு வட்டிக்குப் புரோநோட்டு (கையெழுத்துப் போட்டுத் தரும் கடன் பத்திரம்) 3,00,000, மூன்று வட்டிக்கு இன்னொரு நோட்டு 1,50,000, வங்கியில் நகைக்கடன் 1,80,000, தம்பியின் கல்விக்கடன் 2,40,000, உறவினர்களிடம் வட்டியில்லாக் கைமாற்று 90,000. வங்கிக் கடன்கள் இரண்டும் ஏறத்தாழ ஒரு ரூபாய் வட்டி. எல்லாவற்றையும் கூட்டினால் மாத வட்டி மட்டும் 14,700 ரூபாய். அதை முப்பதால் வகுத்தபோது 490 வந்தது. நாங்கள் தூங்கி எழுந்தாலே 490 ரூபாய் கரைந்திருக்கும்.

மொத்தத்தைப் பார்க்காமல் நாள் வட்டியைப் பார்ப்பது

அந்த 490-தான் எங்களைக் காப்பாற்றியது. 9,60,000 என்ற எண்ணை மாதாமாதம் பார்த்தால் அது அசையாத மலை. நான்கு மாதம் வயிற்றைக் கட்டிச் செலுத்திய பிறகும் ஒன்பது லட்சத்துச் சொச்சமாகவே நிற்கும். நாள் வட்டியோ அசையும். ஒவ்வொரு மாதமும் அன்றைய நாள் வட்டியை நோட்டில் பெரிய எழுத்தில் எழுதினோம். அது பத்து ரூபாய் குறைந்தாலும் மாதம் முந்நூறு ரூபாய் வீட்டுக்கு மிஞ்சுகிறது என்பது சின்னக் குழந்தைக்கும் புரியும்.

முதல் வெட்டு மூன்று வட்டி நோட்டின் மேல் விழுந்தது. அம்மாவின் வளையல்களையும், அக்கா கேட்காமலே கழற்றித் தந்த ஆரத்தையும் வங்கியில் ஒரு ரூபாய் வட்டிக்கு அடகு வைத்து, அந்த 1,50,000 நோட்டை அடைத்தோம். மொத்தக் கடனில் ஒரு பைசாகூடக் குறையவில்லை, ஆனால் நாள் வட்டி ஒரே நாளில் 490-இலிருந்து 390-க்கு இறங்கியது. வட்டியை இப்படி மாற்றுவதில் ஓர் ஆபத்தும் உண்டு: பெரிய கடன்காரர் வாசலுக்கு வருவது நின்றதும் கடனே தீர்ந்ததுபோல ஒரு நிம்மதி வந்து, மிஞ்சிய மூவாயிரம் செலவில் கரைந்துவிடும். மாற்றிய அன்றே அந்த மூவாயிரம் எந்தக் கடனுக்குப் போகிறது என்று நோட்டில் எழுதிவிடுங்கள். ஏலச்சீட்டு எடுத்துக் கடனை அடைப்பதும் இதே வகைதான். ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தள்ளு எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டால் பல வேளைகளில் அது பழைய வட்டிக்குக் குறைந்ததாக இருப்பதில்லை. அதிலும் பதிவு செய்யாத சீட்டில் கை வைக்கவே வேண்டாம்.

ஏன் நடு வருடங்களில் மனம் சோர்கிறது என்பதற்குக் கணக்கிலேயே விடை இருக்கிறது. ஒரு லட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்கி, குறையும் அசலுக்கு வட்டி என்ற கணக்கில் மாதம் 4,000 செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். முதல் வருடம் 48,000 கட்டியிருப்பீர்கள். அசலில் குறைந்தது ஏறத்தாழ 26,800 மட்டுமே. இரண்டாம் வருடம் அதே 48,000-க்கு அசல் 34,000 குறையும். முப்பத்தைந்தாம் மாதத்தில் கடன் முடிந்துவிடும். அதாவது தொடக்கத்தில் நீங்கள் கட்டும் ரூபாயில் பாதி வீணாகப் போவதுபோல் தோன்றுவது உங்கள் குறையால் அன்று. கணக்கின் இயல்பே அதுதான். பின்னால் கட்டும் ரூபாயில் அசலுக்குப் போகும் பங்கு முன்னால் கட்டியதைவிட அதிகம். இதே கடனுக்கு மாதம் 2,500 மட்டும் கட்டினால் ஏழு வருடத்துக்கு இரண்டு மாதம்தான் குறையும். 2,000 கட்டினால் ஆயுளுக்கும் தீராது. கூடுதலாக ஐந்நூறு கட்ட முடியுமா என்ற கேள்வியை இந்த எண்களை வைத்துக்கொண்டு கேட்டால் வீட்டில் பதில் வேறு மாதிரி வருகிறது.

நடைமுறையில் ஒரு சிக்கல் வரும். புரோநோட்டுக்குப் பணம் கொடுத்தவர்கள் பலர் அசலைச் சில்லறையாக வாங்க மாட்டார்கள். வட்டி ஒழுங்காக வருவதே அவர்களுக்கு வசதி. அப்படியானால் அசலுக்கென்று மாதாமாதம் ஒதுக்குவதை வங்கியில் ஆறு மாதம் அல்லது ஒரு வருடத் தொடர் வைப்பில் போட்டு, மொத்தமாக ஐம்பதாயிரம் சேர்ந்ததும் கொண்டுபோய்க் கொடுங்கள். அஞ்சலகத் தொடர் வைப்பு இதற்குத் தோதுப்படாது, ஏனென்றால் அது ஐந்து வருடக் கணக்கு, மூன்று வருடத்துக்கு முன் இடையில் முடிக்க முடியாது. கொடுக்கும்போது புரோநோட்டின் பின்புறத்தில் தேதியும் தொகையும் போட்டு வரவு எழுதச் செய்து, அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டியதற்கு அடையாளம் எதுவும் இல்லாமல் நடுவில் தகராறு வருவதைப்போல உற்சாகத்தைக் குலைப்பது வேறொன்றும் இல்லை.

எதை முதலில் அடைப்பது என்பதில் இரண்டு கட்சி உண்டு. அதிக வட்டிக் கடனை முதலில் முடித்தால் பணம் மிச்சம். மிகச் சிறிய கடனை முதலில் முடித்தால் மனத்துக்குத் தெம்பு. நான் சொல்வேன்: முதல் வருடத்துக்குள் ஒரே ஒரு சிறு கடனை, வட்டியே இல்லாவிட்டாலும், முழுதாக முடித்துவிட்டுப் பிறகு வட்டிக் கணக்குப்படி போங்கள். வட்டி மாற்றியதை விட்டால், நாங்கள் முதலில் அடைத்தது சித்தப்பாவிடம் வாங்கிய 15,000 ரூபாய். கணக்குப்படி அது மடத்தனம்தான். ஆனால் அதன் பிறகு அப்பா சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்குத் தலைநிமிர்ந்து போனார்.

யார் பட்ட கடன், யார் தலையில்

தந்தை பட்ட கடனைப் பிள்ளை அடைக்கும் வீடுகளில் ஒரு கசப்பு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் தெளிவாக்க ஒரு சட்டச் செய்தி உதவும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005-ஆம் ஆண்டு செய்த திருத்தத்துக்குப் பிறகு ஏற்பட்ட தந்தையின் கடனை, மகன் என்ற கடமையை மட்டும் காரணம் காட்டி மகனிடம் வசூலிக்க முடியாது. தந்தை இறந்தபின் அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. ஆகவே “அப்பா பேரில் இருக்கும் புரோநோட்டை உன் பேருக்கு மாற்றி எழுதிக் கொடு” என்று யாராவது கேட்டால், அந்தக் கையெழுத்தோடு அது சட்டப்படி உங்கள் சொந்தக் கடனாகிவிடும் என்பதை அறிந்து, ஒரு வழக்கறிஞரைக் கேட்ட பிறகே பேனாவை எடுங்கள். கடனை ஏமாற்றும் வழியாக இதைச் சொல்லவில்லை. கட்ட வேண்டிய கட்டாயம் எது, நாமாக மனமொப்பி ஏற்றுக்கொண்டது எது என்று பிரித்துத் தெரிந்துகொண்டால், ஏற்றுக்கொண்டதைச் சுமப்பது கொஞ்சம் இலகுவாகிறது. என்னைப் பொறுத்தவரை கைமாற்றுக் கடன்கள் முழுக்க அந்த இரண்டாம் வகை.

மாதம் ஒரு முறை, சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் அரை மணி நேரம் நோட்டைச் சுற்றி உட்காருங்கள். அந்த அரை மணியில் ஒரே ஒரு விதி: கடன் எப்படி வந்தது என்று பேசக்கூடாது. “அன்றைக்கே கடையை மூடியிருந்தால்” என்று தொடங்கும் வாக்கியம் ஒரு ரூபாயைக்கூட அடைக்காது, அடுத்த மாதம் உட்கார வேண்டியவர்களை எழுப்பிவிடும். அண்ணன் தம்பிகள் யார் எவ்வளவு தருவது என்பதையும் அங்கேயே எழுத வேண்டும். ஒருவர் வாய் திறக்காமல் பெரும்பங்கைக் கட்டிக்கொண்டே போவது தியாகமாகத் தொடங்கிச் சொத்துப் பிரிக்கும் அன்றைக்குச் சண்டையாக முடிவதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறோம். திருமணம் ஆகாதவராக இருந்தால், பெண் பார்க்கும் கட்டத்திலேயே மாதம் இவ்வளவு கடனுக்குப் போகிறது, இன்னும் இத்தனை வருடம் போகும் என்று சொல்லிவிடுங்கள். எனக்கு ஓர் இடம் அதனால் தட்டிப்போனது. இரண்டாவது இடத்தில் கேட்டுக்கொண்டவர்தான் இன்று என் மனைவி, கல்யாணத்துக்குப் பிறகு நோட்டு அவர் கைக்குப் போனது.

கடன்பட்டவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். முதல் வருடம் முழுக்க அப்பா கூடத்துக்கே வராமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பிறகு மாதம் 5-ஆம் தேதி வட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்து வரவு எழுதி வாங்கி வருவது அவர் பொறுப்பு என்று அம்மா முடிவு செய்தார். சட்டைப் பையில் பணத்தை வைத்து ஊக்கு குத்திக்கொண்டு, காலை ஏழு மணிக்கே சைக்கிளை எடுத்துவிடுவார். ஒரு மாதமும் அந்தத் தேதி தவறவில்லை.

பஞ்சாங்கத்தோடு சேர்த்துத் திட்டமிடுவது

பெரும்பாலான கடன் திட்டங்கள் தோற்பது சோம்பலால் அல்ல, ஜூன் மாதத்தால். பன்னிரண்டு மாதமும் ஒரே தொகையை எழுதி வைப்போம். ஜூனில் பள்ளிக் கட்டணம் வரும், ஆவணியில் முகூர்த்தங்கள் வரும், ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கல், பங்குனியில் ஊர்க் கொடை. ஒரு மாதம் தவறியதும் “எல்லாம் போச்சு” என்று அடுத்த மாதமும் தவறும். ஆகவே ஆண்டுத் தொடக்கத்திலேயே காலண்டரை வைத்துக்கொண்டு, எந்த மாதங்களில் குறைவாகக் கட்டப் போகிறோம் என்பதை எழுதிவிடுங்கள். எங்களுக்கு ஜூனும் ஐப்பசியும் வட்டி மட்டும் கட்டும் மாதங்கள். எழுதி வைத்துவிட்டுக் குறைத்துக் கட்டியதால் அது தோல்வியாகத் தோன்றவில்லை. தீபாவளி போனஸ் கைக்கு வருவதற்கு முன்பே பங்கு பிரித்துவிட வேண்டும்: பாதி கடனுக்கு, கால் பங்கு பண்டிகைக்கு, கால் பங்கு அவசரக் கைப்பணத்துக்கு. கையில் வந்த பிறகு பிரிக்கலாம் என்று நினைத்த வருடம் ஒரு வாஷிங் மெஷின் வந்தது; அது நல்ல மெஷின்தான், ஆனால் அந்த வருடம் நாள் வட்டி அசையவே இல்லை.

மொய்யைத் தனியாகச் சொல்ல வேண்டும். மொய்யும் ஒரு கடனே, எழுதி வைத்துத் திருப்பிச் செய்யும் கடன். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய்விருந்தே வைத்துப் பணம் திரட்டும் வழக்கம் இருப்பது தெரிந்ததே. அங்கே மொய் நோட்டு என்பது வங்கிப் பேரேட்டுக்குச் சமம். மற்ற ஊர்களிலும் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த மொய்யைத் திருப்பிச் செய்யாமல் இருக்க முடியாது. எனவே அக்கா கல்யாண மொய் நோட்டை எடுத்து, யார் வீட்டில் அடுத்து விசேஷம் வரக்கூடும் என்று பார்த்து, மாதம் ஒரு தொகையை அதற்கென ஒதுக்கினோம். வந்ததைத் திருப்பிச் செய்வோம், புதிதாகக் கூட்டி எழுத மாட்டோம் என்பது எங்கள் முடிவு. கேட்டவர்களிடம் “இப்போது கை இறுக்கமாக இருக்கிறது” என்று நேராகச் சொன்னோம். ஊர் இரண்டு வாரம் பேசியது, பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டது.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் கணக்குக் கேட்காத ஒரு சிறு தொகை இருக்கட்டும். எங்களுக்கு அது மாதம் முந்நூறு ரூபாய். தம்பி பரோட்டா சாப்பிட்டான், அம்மா பூ வாங்கினார், நான் என்ன செய்தேன் என்று நோட்டில் இல்லை. இதையும் வெட்டிக் கடனுக்குக் கட்டலாமே என்று தோன்றும். அப்படி வெட்டிய ஆறு மாதமும் வீட்டில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

திரும்பவும் விழாமல் இருக்க

பாதிக் கடன் அடைந்த வீட்டை மறுபடி முதல் பக்கத்துக்குத் தள்ளுவது பெரும்பாலும் மருத்துவமனைச் செலவு. கடனை அடைக்கத் தொடங்கும் முன்பே சில காரியங்களை முடித்துவிடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பமாக இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்குங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் சிகிச்சை உண்டு. சம்பாதிப்பவர் 50 வயதுக்கு உட்பட்டவராக இருந்தால், வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 436 ரூபாய் பிடிக்கும் பிரதமர் ஜீவன் ஜோதித் திட்டத்தில் சேர்க்கலாம். இறப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். 20 ரூபாய்க்கு விபத்துக் காப்பீடும் உண்டு. இவற்றோடு பத்தாயிரமாவது தொடாத பணமாகத் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், கடனில் இருக்கும்போது சேமிப்பு எதற்கு என்று யார் சொன்னாலும். அது இல்லாத வீட்டுக்கு இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் காலையில் மீண்டும் மூன்று வட்டிதான்.

வசூலுக்கு வருபவர்கள் மரியாதை மீறினால் அதைப் பொறுத்துக்கொள்வது கடனாளியின் கடமை அல்ல. கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் போன்றவற்றைத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. (நான் நோட்டில் எழுதச் சொன்ன நாள் வட்டி நம் கணக்கு, அவர்கள் வசூலிக்கும் நாள் வட்டி குற்றம்.) குழுக் கடன் தரும் சிறுநிதி நிறுவனங்கள் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்திருக்கிறது. இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தால் வாசலில் நிற்பவரிடம் குரல் நடுங்காமல் பேச முடியும். வீட்டில் யாருக்காவது கடன் நினைப்பிலேயே தூக்கம் கெட்டு, விபரீதமாகப் பேச்சு வந்தால், அது மாதக் கூட்டத்தில் தீர்க்கும் விஷயம் அல்ல. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை உடனே அழையுங்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஒவ்வொரு கடனும் முடியும்போது அதைக் காகிதத்திலும் முடித்துவிடுங்கள். புரோநோட்டைக் கையில் வாங்கி, பணம் கொடுத்தவர் முன்னிலையிலேயே ரெவின்யூ ஸ்டாம்பின் மேலுள்ள கையெழுத்தைக் கிழித்துவிட வேண்டும். வங்கியில் நிலுவை இல்லை என்ற சான்றிதழ் வாங்கி, இரண்டு மாதம் கழித்து, நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கு முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அந்த அறிக்கை இலவசம். வீட்டுப் பத்திரத்தை அடமானமாக வைத்திருந்தால், கடன் முடிந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரத்தை வங்கி திருப்பித் தர வேண்டும். அடமானம் பதிவானதாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில், கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீதுப் பத்திரமும் பதிவு செய்துகொள்ளுங்கள், இல்லையேல் வில்லங்கச் சான்றில் அது நின்றுகொண்டே இருக்கும்.

எங்கள் நோட்டில் நாள் வட்டி 390-க்குப் பிறகு 310, 240, 120, 35 என்று இறங்கி, 2021 ஆகஸ்டில் தம்பி பூஜ்யம் போட்டான். அடுத்த மாதம் 5-ஆம் தேதி காலையில் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நின்று, “இன்னிக்கு எங்கேப்பா போகணும்?” என்று கேட்டார். கடனுக்குக் கட்டி வந்த தொகையில் பாதியை அம்மா பெயரில் தொடர் வைப்பாகப் போட அன்று அவரையே வங்கிக்கு அனுப்பினோம்.